துண்டிலிருந்து லீசிங் வரை

களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரி வரை வந்து சேர்ந்தபோது, அங்குள்ள தோட்டங்களில் கடனுக்கு ஈடாக வைக்க லயத்து மக்களிடம் பொருள் எதுவும் இல்லை. ஆளே ஈடு. கங்காணி கணக்கில் ஏறிய கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதுத் தோட்டத்துத் துரை அதைக் கட்டினால் 'துண்டு' என்ற சீட்டு கைமாறும். கடனும் குடும்பத்தோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் துண்டைத் தடைசெய்தது.

இரத்தினபுரிப் பக்கம் ரயில் 1970களிலேயே நின்றுவிட்டது. பெல்மதுளை, பலாங்கொடைப் பாதையில் இன்று ஓடுவது த்ரீவீல். பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு நிற்காமல் பிழைக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்ட வழி அது. அம்மாவின் நகை அடகுக்குப் போய் முற்பணமாகிறது, மிச்சம் லீசிங். பதிவுச் சான்றிதழில் பெயர் பிள்ளையுடையது. தவணை முடியும்வரை முழு உரிமை கம்பனிக்கு. இரண்டு மாதம் தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வந்துவிடும் என்ற பயத்திலேயே ஓட்டுகிறார்கள்.

1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் வாடகைக் கொள்வனவில் வாங்கியவருக்கு ஓர் அரண் கட்டியது: விலையில் பெரும் பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்றம் போகாமல் பொருளைப் பறிக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும் லீசிங்காரருக்கு அந்த அரண் இல்லை. அவர் கட்டுவது குத்தகைப் பணம், வண்டி கம்பனியுடையது என்பது அதன் கணக்கு. நாலு வருடம் வியர்வை சிந்திக் கட்டியவரையும் நேற்று வாங்கியவரையும் ஒன்றாக வைப்பது அநியாயம். கட்டிய பங்கைக் கணக்கில் எடுக்கும் விதி லீசிங்குக்கும் வரவேண்டும். கொரோனா பரவிய 2020 மார்ச்சில் முச்சக்கர வண்டித் தவணைகளுக்கு ஆறு மாதச் சலுகை கிடைத்தது. மனமிருந்தால் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதுவரை ஒன்றை மறக்கவேண்டாம். மிரட்டவோ, அடிக்கவோ, வீட்டுக்குள் புகுந்து வண்டியை எடுக்கவோ எந்தச் சட்டமும் யாருக்கும் அனுமதி தரவில்லை. அப்படி நடந்தால் பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். கையொப்பம் வைக்குமுன் ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் இலக்கம் 1935.