பயந்த குட்டியைப் பழக்குவது எப்படி?

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் லூனி என்ற ஆறு இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் அது வறண்டு கிடக்கும். அந்த ஆற்று மணலில், திலவாடா என்னும் ஊரில், பங்குனி மாதத்தை ஒட்டிப் பெரிய கால்நடைச் சந்தை கூடும். மார்வாரி இனக் குதிரைகள் அங்கே விலைக்கு வரும். இந்தக் குதிரையை எளிதாக அடையாளம் காணலாம். இதன் காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து, ஒன்றை ஒன்று தொடும். நம் ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ச் சந்தைக்கும் ஆடி மாதத்தில் மார்வாரிக் குதிரைகள் வருவது உண்டு.

சில குட்டிகள் தாயோடு மேய்ந்தே வளர்ந்திருக்கும். அவற்றின் மேல் மனிதர் கை பட்டிருக்காது. கழுத்தில் கயிறு ஏறியிருக்காது. அப்படிப்பட்ட குட்டியை ஒரு குடும்பம் கடன் வாங்கி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி இழுக்கவோ, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவோ அது உதவும். அந்த வருமானத்தில் கடனை அடைக்கலாம்.

ஆனால் குட்டி யாரையும் அருகில் விடுவதில்லை. மிரள்கிறது, உதைக்கிறது. "நாலு அடி கொடுத்தால் அடங்கிவிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அடித்தால் அடங்குமா?

பயமா? முரட்டுத்தனமா?

குதிரை புல் தின்னும் பிராணி. காட்டில் அதை ஓநாயும் சிறுத்தையும் வேட்டையாடின. ஓடித் தப்பிப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. ஓட வழி இல்லாவிட்டால் உதைக்கும், கடிக்கும். எனவே, குட்டி உதைப்பது பெரும்பாலும் பயத்தினால்தான்.

பயந்த குட்டியை அடித்தால் என்ன ஆகும்? மனிதன் வந்தால் வலி வரும் என்று அது கற்றுக்கொள்ளும். குதிரைக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு நாள் வாங்கிய அடியை வெகுநாள் மறக்காது. பிறகு சாலையிலோ கூட்டத்திலோ மிரண்டு ஓடும். அப்போது ஆளுக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

குதிரை எப்படிப் பார்க்கிறது?

நம் கண்கள் முகத்தின் முன்பக்கம் இருக்கின்றன. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் இரண்டு இடங்கள் தெரியாது. ஒன்று, நெற்றிக்கு நேர் முன்னே மிக அருகில் உள்ள இடம். மற்றொன்று, வாலுக்கு நேர் பின்னே உள்ள இடம். ஆகவே பின்பக்கமாகப் போகக் கூடாது. நேர் எதிரே நின்று, சட்டென்று நெற்றியில் கை வைக்கவும் கூடாது.

காதும் உடம்பும் பேசும்

குதிரையின் மனதை அதன் உடம்பில் படிக்கலாம். காது பின்னால் ஒட்டிப் படிந்தால் கோபம். கண்ணின் வெள்ளை தெரிந்து, மூக்குத் துவாரம் விரிந்தால் பயம். வாலை இறுக்கிக்கொண்டாலும் பயம்தான். தலை தாழ்ந்து, காது தளர்ந்து, ஒரு பின்னங்காலை ஓய்வாக வைத்து நின்றால் அமைதி.

பழக்கும் முறை

முதலில், உறுதியான வேலி போட்ட சிறிய இடத்தில் குட்டியை விடுங்கள். சாதுவான வேறொரு குதிரை கண்ணில் படும்படி நின்றால் மிகவும் நல்லது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதன் பயத்தைக் கூட்டும்.

தீனியும் தண்ணீரும் தினமும் ஒரே ஆள் வைக்கட்டும். மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வைக்கட்டும். தீனியைக் கையில் நீட்ட வேண்டாம். தொட்டியில் வையுங்கள். கையில் ஊட்டினால் கடிக்கப் பழகிவிடும்.

பிறகு மெதுவாக அருகே போகலாம். நேராகப் போகாமல், சாய்வாகத் தோள்பக்கம் போங்கள். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். குட்டி தலையைத் தூக்கி விறைத்தால் அங்கேயே நில்லுங்கள். அது அமைதியானதும் நீங்கள் இரண்டு அடி பின்வாங்குங்கள்.

ஏன் பின்வாங்க வேண்டும்? "அமைதியாக நின்றால் இந்த ஆள் விலகுகிறார்" என்று குட்டி புரிந்துகொள்ளும். அதற்கு அதுவே பரிசு. மாறாக, அது உதறும்போது நீங்கள் விலகினால், உதறினால் போதும் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே எப்போது விலகுகிறோம் என்பது மிக முக்கியம்.

முதலில் தொட வேண்டிய இடம், கழுத்து முதுகோடு சேரும் மேடு. குதிரைகள் ஒன்றை ஒன்று அந்த இடத்தில்தான் பல்லால் சொறிந்துகொள்ளும். அங்கே சொறிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து கழுத்து, முதுகு, வயிறு என்று மெல்லத் தடவுங்கள். கால்களைக் கடைசியில் தொடுங்கள்.

அடுத்தது தலைக்கயிறு. கயிற்றை முதலில் முகர்ந்து பார்க்கட்டும். பிறகு கழுத்தில் உரசிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு மாட்டலாம். லேசாக இழுங்கள். குட்டி ஓர் அடி எடுத்து வைத்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். குட்டி ஓடினால் விரல் போய்விடும்.

ஒரு வேளைக்கு 10 அல்லது 15 நிமிடம் போதும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை செய்யலாம். சில குட்டி சில நாட்களில் பழகும். சிலவற்றுக்குப் பல வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

குட்டி பழகிவிட்டது என்று உடனே வண்டியில் பூட்டிவிடக் கூடாது. எலும்பு முழுதாக முற்ற 5 அல்லது 6 வயது ஆகும். 3 வயதுக்கு முன் பாரம் ஏற்றினால் கால் கெட்டுவிடும்.

எச்சரிக்கை

சிறு பிள்ளைகளைப் பழகாத குட்டியின் அருகே விடாதீர்கள். குதிரை உதைத்தோ கடித்தோ காயம் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். குதிரைக்கும் இந்த நோய் எளிதில் வரும். கால்நடை மருத்துவரிடம் சொல்லித் தடுப்பூசி போடுங்கள்.

நம் நாட்டில் குதிரைகள் குறைந்து வருகின்றன. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-ல் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019-ல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்தான் இருந்தன. இன்றும் குதிரையை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. குட்டி அவர்களை நம்பினால்தான் அவர்கள் பிழைப்பு நடக்கும்.

கலந்து பேசுங்கள்

1. பயந்த குட்டியை அடித்தால் என்ன ஆகும்?
2. குதிரைக்குக் கண் தெரியாத இரண்டு இடங்கள் எவை?
3. குட்டி அமைதியாக நிற்கும்போது நாம் ஏன் பின்வாங்க வேண்டும்?
4. உங்கள் வீட்டு மாடு, ஆடு மிரண்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?