சப்பை மூக்குப் பூனைக்குட்டியும் தானியங்கிக் கழிவுப் பெட்டியும்

மண்ணைத் தோண்டிக் கழிவை மூடுவது பூனையின் பிறவிக் குணம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை என்பர் விஞ்ஞானிகள். மண்ணாடிப்பட்டு கொம்யூனின் சிற்றூர்களில் திரியும் நாட்டுப் பூனைக்குக் கொல்லைப்புறமே கழிப்பிடம். ஆனால் தட்டை முகமும் நீண்ட மயிரும் கொண்ட பாரசீகப் பூனைக்குட்டி வெயிலைத் தாங்காது. வீட்டுக்குள்ளேதான் வளர வேண்டும். அதற்கு என்ன ஏற்பாடு செய்வது? தானே சுத்தம் செய்துகொள்ளும் மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா?

ஒரு தட்டில் சங்கராபரணி ஆற்று மணலைக் கொட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மணல் ஈரத்தை உறிஞ்சாது. அடியில் சிறுநீர் தேங்கி நாறும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், பூனைக்குச் சாம்பலைப் பயன்படுத்தி வந்த அண்டை வீட்டு அம்மையாருக்கு உலர்ந்த களிமண் துகள்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது ஈரத்தையும் நாற்றத்தையும் நன்கு உறிஞ்சியது. நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் இவ்வினத்து மண்ணே. பின்னர் பென்டோனைட் என்னும் களிமண் வந்தது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கும் இம்மண், நீர் பட்டதும் உருண்டு கட்டியாகும்.

தானியங்கிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இக்கட்டிகளை நம்பியே இயங்குகின்றன. பூனை வெளியேறிய சில நிமிடங்களில் உருளை சுழன்றோ, சீப்பு போன்ற கம்பி நகர்ந்தோ கட்டிகளைக் கீழறையில் தள்ளிவிடும். பூனை உள்ளே இருப்பதை எடையைக் கொண்டு அறியும் கருவி உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டி ஒரு கிலோகூட இராது. அது உள்ளே இருப்பதைக் கருவி உணரத் தவறினால், சுழலும் பாகத்தில் குட்டி சிக்கிக்கொள்ளும். மேலும், குட்டிகள் எதையும் நக்கிப் பார்க்கும்; கட்டியாகும் மண் வயிற்றுக்குள் சென்று உப்பிவிடக் கூடும்.

சப்பை மூக்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் மூக்குத்துளைகள் குறுகலானவை. கண்ணீரும் அடிக்கடி வழியும். தூசி பறக்கும் மண்ணும், மூடிய கூண்டில் தேங்கும் சிறுநீர் நெடியும் அதன் மூச்சுக்குப் பகை.

ஆகவே பெட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை:

1. எத்தனை கிலோ எடைக்கு மேல் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் கூறுவதைப் படித்து, குட்டியை நிறுத்துப் பார்க்க வேண்டும்.
2. எடையை மட்டும் நம்பாமல், அசைவையும் உணர்ந்து உடனே நிற்கும் பெட்டியாக இருக்க வேண்டும்.
3. வாயில் அகலமாகவும் தாழ்வாகவும், உள்ளே காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும்.
4. தூசியற்ற மண்ணைக் கொண்டு இயங்க வேண்டும்.
5. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது பெட்டி என்ன செய்யும் என்பதைக் கடையிலேயே கேட்டறிய வேண்டும்.

குட்டி வளரும்வரை தாழ்ந்த விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு, கட்டியாகாத காகிதத் துண்டுகள் அல்லது மர உருண்டைகள், ஒரு சிறு கரண்டி ஆகியவையே போதும். பிறகு பெட்டி வாங்கினாலும், சில நாள் மின்சாரம் இல்லாமல் வைத்துப் பழக்குதல் நன்று.

நாள்தோறும் கழிவை அகற்றுவது நம் நலத்துக்கும் தேவை. பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். அதற்குள் அகற்றிக் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். கருவுற்ற தாய்மார் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் கழிவைக் கண்ணுக்கு மறைத்துவிடும். பேதியா, இரத்தமா, சிறுநீரே வரவில்லையா என்பது தட்டைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தோழியரே, இயந்திரம் நம் கைக்கு ஓய்வு தரலாம். கண்ணுக்கு ஓய்வு தரலாகாது. வாயில்லாப் பிராணியை வீட்டுக்குள் அழைத்து வந்தவர் நாம். அதன் தட்டை ஒருநாளில் இருமுறை பார்ப்பதும் நம் கடமையே.