முன்தோல் இறுக்கம்: மருத்துவரிடம் சொல்ல வேண்டுவதும் கேட்க வேண்டுவதும்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய எல்லையூர்களை அடுத்த பாலக்காட்டுக் கிராமங்களிலும், மூணாறு, தேவிகுளம், உடும்பஞ்சோலைப் பகுதிகளின் மலைத்தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் மருத்துவரின் தாய்மொழி பெரும்பாலும் மலையாளமாகும். காய்ச்சல், இருமல் போன்றவற்றைச் சொல்வதில் இடர்ப்பாடில்லை. ஆண்குறியின் முன்தோலில் கோளாறு எனில், நாணமும் மொழியும் ஒருங்கே குறுக்கே நிற்கின்றன.

“தோல் வலிக்கிறது” என்று தமிழர் சொன்னால், தமிழறியாத மலையாளிக்குத் தோல் இழுக்கிறது என்ற பொருளே தோன்றக்கூடும். அம்மொழியில் ‘வலிக்குக’ என்பது இழுத்தலைக் குறிக்கும். “நீர் போகவில்லை” எனில், வீக்கம் வடியவில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. அங்கு ‘நீர்’ என்பதற்கு வீக்கம் என்றும் பொருள். ஆதலின் வலியை ‘வேதனை’ என்றும், சிறுநீரை ‘மூத்திரம்’ என்றும் கூறுதல் நலம். முன்தோலுக்கு மலையாளச் சொல் ‘அக்ரசர்மம்’ என்பதாம்.

இயற்கையும் நோயும்

பிறந்த ஆண் குழந்தையின் முன்தோல் உள்மொட்டோடு ஒட்டியிருத்தல் இயற்கை. வளர வளர அது தானே பிரியும். இதனை பிரிட்டிஷ் மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-ஆம் ஆண்டில் விளக்கினார். டென்மார்க்கின் பள்ளிச் சிறுவரை ஆராய்ந்த யாக்கப் ஓஸ்டர் என்பார் 1968-இல் வெளியிட்ட கணக்கின்படி, 6, 7 வயதில் நூற்றுக்கு 8 பேருக்கு முன்தோல் இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் அது நூற்றுக்கு ஒருவராகக் குறைந்தது. எனவே வலியோ, சிறுநீர்த் தடையோ இல்லாத சிறுவனுக்குச் சிகிச்சை வேண்டுவதில்லை. குளிப்பாட்டும்போது தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளுதல் பெருந்தீங்கு. தோல் கிழிந்து, தழும்பேறி, இல்லாத நோயை அது உண்டாக்கிவிடும்.

சிறுநீர் நூல்போல் மெலிந்து வருதல், கழிக்கும்போது அழுதல், அடிக்கடி சிவந்து சீழ் பிடித்தல், தோலின் நுனி வெளுத்துக் கடினமாதல் ஆகியவை மருத்துவரிடம் காட்டவேண்டிய குறிகளாம். முன்பு நன்றாக இருந்த தோல் நடுவயதில் இறுகி வெடிப்புற்றால், இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தல் இன்றியமையாதது. நீரிழிவு நோய் சிலரிடம் இவ்வாறே முதலில் வெளிப்படுகிறது.

பின்னுக்குத் தள்ளிய தோல் முன்வராமல் சிக்கி, மொட்டு வீங்கினால் அது அவசர நிலை. மலைப்பாதை நெடியதேயாயினும் விடியும்வரை காத்திராமல், அந்நேரமே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மொட்டுக்கே கேடு விளையும்.

சிகிச்சை ஒன்றன்று

இந்நோய் நம் நாட்டு மருத்துவர்க்குப் புதியதன்று. நெய் பூசிய குழாயைத் துவாரத்தில் செலுத்தி, படிப்படியாகப் பெரிய குழாய்களால் விரிவாக்கும் முறை சுச்ருத சம்ஹிதையில் கூறப்பட்டுள்ளது. மெல்ல விரிவுறச் செய்தல் என்ற அக்கருத்து இன்றைய முதற்சிகிச்சையிலும் உண்டு. ஸ்டீராய்டுக் களிம்பை மருத்துவர் குறித்த அளவில் நான்கு முதல் எட்டு வாரம் இறுகிய வளையத்தின்மீது தடவி, வலியின்றித் தோலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் பெரும்பாலோர்க்குக் குணமாகிறது. களிம்பைக் கடையில் தாமே வாங்கிப் பூசுதல் கூடாது.

களிம்பு பலனளிக்காவிடின், தோலை அகற்றாமலே வளையத்தை வெட்டி விரிவாக்கித் தைக்கும் சிறு அறுவை முறை உண்டு. தழும்பு முற்றியிருந்தாலோ, வெண்தழும்பு நோய் எனத் தெரிந்தாலோ, முன்தோலை முழுவதும் அகற்றுதலே தக்கது. இதில் இரத்தக் கசிவும் புண்ணில் சீழும் அரிதாக நேரலாம். சிறுநீர்த் துவாரம் குறியின் அடிப்புறத்தில் அமைந்த குழந்தைக்கு மட்டும் முன்தோலை முன்கூட்டி அகற்றலாகாது. பின்னர்க் குறையைச் சீர்செய்ய அத்தோலே பயன்படும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

இது இயற்கையா, நோயா? காத்திருந்தால் என்ன நேரும்? களிம்பு போதுமா, எத்தனை நாள்? அறுவை எனில் தோலைக் காக்கும் முறை பொருந்துமா? மயக்க மருந்து எத்தகையது? வேலைக்கோ பள்ளிக்கோ எப்போது திரும்பலாம்? எக்குறி கண்டால் உடனே வரவேண்டும்? இவற்றைத் தாளில் எழுதிச் செல்வது நன்று. விடை விளங்காவிடின், தமிழறிந்த செவிலியரை உடனழைத்து விளக்கும்படி கேட்பதில் தவறில்லை.

ஆசிரியரும் களப்பணியாளரும் சிறுவனைத் தாமே சோதித்தல் தகாது. அடிக்கடி அனுமதி கேட்டு வெளியே செல்லும் மாணவனைக் கடிந்து அமர்த்தாமல், பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லவேண்டும். தோட்டக் குடியிருப்பில் தாய் இதைக் கூற நாணினால், களப்பணியாளர் அவள் சொல்வதைச் சீட்டில் குறித்துக் கொடுத்தனுப்பலாம். அச்சீட்டில் கோளாறு தொடங்கிய நாள், சிறுநீர் கழியும் விதம், வலியுள்ள இடம், முன்பு பூசிய மருந்து ஆகிய நான்கும் இருந்தால், மருத்துவர் தம் சோதனையைத் தொடங்க அவை போதுமானவை.