பாலும் ஷீட்டும்

சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சூழ்ந்த ஊர்களிலும் ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது; ஆயினும் அத்தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, வடிகட்டிய பாலில் ஃபார்மிக் அமிலத்தை அளவாகக் கலந்துவிட, அது தொட்டியில் உறைந்து, உருளைகளிடையே அழுந்தி, புகையில் உலர்ந்து ஷீட்டாக வெளிவரும் காட்சி மறந்திருக்காது. அந்த ஷீட்டை மீண்டும் மரத்துப் பாலாக்க யாராலும் இயலாது. தரவுத்தளங்களின் காப்புப்பிரதியை, அதாவது பேக்கப்பை, விளக்க இதனினும் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டுப் பதிந்த செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகத்தை எந்த மேஜையிலும் விரித்துப் படிக்கலாம். பேக்கப் அத்தகைய புத்தகமன்று. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் அது பெயர்களையும் தொகைகளையும் மட்டும் தாங்கி நில்லாமல், அவை வட்டில் 8 கிலோபைட் பக்கங்களாக அடுக்கப்பட்டிருந்த ஸ்வரூபத்தையே பிரதியெடுத்து, கூடவே ஒரு பதிப்பெண்ணையும் பொறித்துக்கொள்கிறது. 2008ஆம் பதிப்புக்கு அவ்வெண் 655, 2012க்கு 706, 2019க்கு 904. தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைக் காணும் சர்வர் அப்பிரதியை ஏற்க மறுத்துவிடும். 2008இன் பிரதியைக் காணும் 2019ஆம் பதிப்போ அதை ஏற்று, மீட்கும்போதே தன் அமைப்புக்கு மாற்றிவிடும். பால் உறைந்துவிட்டது; இனி அதிலிருந்து எடுக்கும் பிரதி எதுவும் பழைய இயந்திரத்துக்கு உதவாது. இணக்கநிலை என்னும் அமைப்பைப் பழைய எண்ணிலேயே வைத்தால் போதுமென்று அனுபவசாலிகளும் மயங்குவதுண்டு. அது வினவல்கள் நடக்கும் விதத்தைத்தான் கட்டுப்படுத்துமேயன்றி, வட்டிலுள்ள வடிவத்தைத் தொடாது.

பதிப்பு ஒன்றாயிருந்தும் வகை வேறாயின் வேறொரு சங்கடம் நேரும். 2016ஆம் பதிப்பின் முதல் சர்வீஸ் பேக் வரும்வரை, தரவுச் சுருக்கமும் அட்டவணைப் பிரிவும் என்டர்பிரைஸ் வகைக்கே உரியவையாக இருந்தன. அவற்றைப் பயன்படுத்திய தரவுத்தளத்தை அப்பதிப்புகளின் ஸ்டாண்டர்டு வகையில் மீட்டால், மணிக்கணக்கில் எல்லாப் பக்கங்களும் இறங்கி, கடைசியில் அதைத் திறக்கும் தருணத்தில்தான் பிழை தோன்றும். காத்திருந்தவரின் மனம் அப்போது படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். 2019ஆம் பதிப்பின் இலவசமான எக்ஸ்பிரஸ் வகைக்கோ ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் என்னும் எல்லை வேறு உண்டு.

பழைய பதிப்புக்குத் திரும்பியே ஆகவேண்டுமெனில், அட்டவணைகளின் அமைப்பை ஆணைகளாக எழுதி வாங்கி, உள்ளிருக்கும் வரிகளை வெறும் எழுத்தாக வெளியே எடுத்து, அங்கே புதிதாகக் கட்டி நிரப்ப வேண்டும். நெடிய வேலைதான், ஆனால் கிராணியின் செக்ரோலைப் போல, அப்படி எழுதிவைத்த கோப்பைப் பழைய சர்வராலும் படிக்க முடியும்.