வெப்சைட் கம்பெனி ஷேர்கள் சரிந்தது ஏன்?

1990களின் இறுதியில் அமெரிக்காவில் எல்லா நிறுவனங்களும் வெப்சைட் வேண்டும் என்றன. அதை உருவாக்கித் தரும் கம்பெனிகளின் ஷேர்களை மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நியூயார்க்கின் ரேஸர்ஃபிஷ் 1999 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. விட்மன்-ஹார்ட், யுஎஸ்வெப் இரண்டும் 2000 மார்ச்சில் இணைந்து 'மார்ச் ஃபர்ஸ்ட்' ஆகின.

இவர்களின் வாடிக்கையாளர்கள் யார்? பலர் புதிய டாட்காம் கம்பெனிகள். அவர்களுக்கு லாபம் கிடையாது. முதலீட்டாளர் தந்த பணத்தில்தான் வெப்சைட்டுக்கு பில் கட்டினார்கள். 2000 மார்ச் 10ல் உச்சம் தொட்ட நாஸ்டாக் சரியத் தொடங்கியதும் அந்தப் பணம் நின்றது. டாட்காம்கள் மூடப்பட்டன. பெரிய நிறுவனங்களும் செலவைக் குறைத்தன. வெப்சைட் கம்பெனிக்கோ சம்பளம்தான் பெரிய செலவு. வேலை வராவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். மார்ச் ஃபர்ஸ்ட் 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ரேஸர்ஃபிஷ் 2002ல் கைமாறியது.

வெப்சைட் தயாரிக்கும் தொழில் அழியவில்லை, இன்றும் நடக்கிறது. ஷேர் போட்டவர்கள் பணம்தான் போனது. எனவே நீங்கள் ஒரு தொழில்நுட்பக் கம்பெனியின் ஷேரை வாங்கும் முன், அதன் வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதன் வாடிக்கையாளருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள்.