பழைய கணனியின் கிராபிக்ஸ் காட்டைப் புதியதில் பூட்டலாமா?

கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தவர்கள் எமது மக்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஒரே தகரமே பல கொட்டில்களுக்குக் கூரையாயிற்று. பழையதைக் கழற்றிப் புதியதில் பூட்டுவதை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கணனி என்று வந்ததும் கடைக்காரர் சொல்வதே முடிவாகிவிடுகிறது.

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் கணனி வேண்டும் என்று நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உள்ளன. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. வெளிநாட்டிலிருந்து வரும் கணனிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. இந்நிலையில், வீட்டு மூலையில் பழுதாகிக் கிடக்கும் பழைய கணனியைத் திறந்து பார்ப்பது நல்லது. தாய்ப்பலகையோ பவர் சப்ளையோ எரிந்திருக்கலாம். கிராபிக்ஸ் காட் நன்றாகவே இருக்கலாம். மொனிற்றரின் வயர் வந்து செருகப்படும், பெரும்பாலும் சிறு விசிறியுடன் கூடிய தனிப் பலகைதான் அது. திரையில் தெரியும் படத்தை ஆக்குவது அதன் வேலை.

பூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: புதிய கணனியின் புரொசசருக்குத் தானாகவே படம் காட்டும் வசதி உண்டா? இன்ரெல் புரொசசரின் பெயர் 'எப்' என்ற எழுத்தில் முடிந்தால் அந்த வசதி இல்லை. ஐ3-12100எப், ஐ5-12400எப் என்பன அப்படிப்பட்டவை. ஏ.எம்.டி. றைசன் 5 5600 இலும் இல்லை; 5600ஜி யில் உண்டு. வசதி இல்லாதவை பொதுவாகச் சற்று மலிவு. அதை வாங்கச் சொல்லிவிட்டு, பிறகு புதிய காட் ஒன்றையும் கட்டாயம் வாங்கவேண்டும் என்பார்கள். உங்கள் பழைய காட் காசை மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

புரொசசரிலேயே வசதி இருந்தால், பாடம் படிக்க, கடிதம் அடிக்க, சூம் வகுப்புப் பார்க்க அதுவே போதும். பழைய காட்டை வீணாகப் பூட்டி மின்சாரக் கட்டணத்தைக் கூட்டாதீர்கள். விளையாட்டுக்கு வேண்டும் என்று பிள்ளை கேட்கும். அது வேறு கதை.

இனிப் பொருந்துமா என்று பார்ப்போம். ஏறத்தாழ 2004 இலிருந்து வரும் காட்டுகள் பெரும்பாலும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் துளையில் செருகப்படுபவை. மூன்றாம் தலைமுறைக் காட்டை நான்காம், ஐந்தாம் தலைமுறைத் துளையிலும் செருகலாம். தன் பழைய வேகத்திலேயே ஓடும். அதற்கு முந்திய ஏ.ஜி.பி. காட்டுகள் பொருந்தவே மாட்டா. நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். சில காட்டுகள் ஒரு அடிக்குக் கிட்ட வரும். சிறிய பெட்டிக்குள் அடங்கா.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். துளையினூடாக அதிகபட்சம் 75 வாற்று மட்டுமே கிடைக்கும். 2014 இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 750 ரி.ஐ. 60 வாற்றும், 2016 இல் வந்த 1050 ரி.ஐ. 75 வாற்றும் எடுப்பவை. இவற்றில் பலவற்றுக்குத் தனி வயர் வேண்டியதில்லை. ஜி.ரி.எக்ஸ். 1060 க்கு 120 வாற்று வேண்டும். 2017 இல் வந்த ஆர்.எக்ஸ். 580 க்கு 185 வாற்று. இவற்றுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும். ஆறு முள் வயர் 75 வாற்றும் எட்டு முள் வயர் 150 வாற்றும் தரும்.

பழையதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும் நாமே பழைய பவர் சப்ளை மட்டும் வேண்டாம் என்கிறோம். ஏறி இறங்கும் மின்சாரத்தில் அடிபட்டு வந்த பொருள் அது. போகும்போது மற்றவற்றையும் கொண்டுபோகக் கூடும். ஆனால் பழைய காட்டுக்காகவே பெரிய பவர் சப்ளை வாங்க வேண்டியிருந்தால் கணக்குப் பாருங்கள். மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடலாம்.

ஏறத்தாழ 2012 க்கு முந்திய காட்டுகள் சில புதிய தாய்ப்பலகைகளில் உயிர்பெறுவதில்லை. கணனி தொடங்கும் முறை மாறிவிட்டதே காரணம்; விசிறி சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். எனவே காட்டைத் துணியில் சுற்றிக் கடைக்கே கொண்டுசெல்லுங்கள். பூட்டிப் படம் தெரிந்த பின்னரே காசு கொடுங்கள். தர்க்கம் பண்ணுகிறார்கள் என்று கடைக்காரர் நினைத்தால் நினைக்கட்டும்.

மொனிற்றரும் பழையது என்றால் நீல நிற 15 முள் வயரே இருக்கும். ஜி.ரி.எக்ஸ். 1050, 1060 போன்றவற்றில் அதற்கான வழி இல்லை. எச்.டி.எம்.ஐ. யிலிருந்து மாற்றித் தரும் சிறு கருவி தேவை. வெறும் வயர் மட்டும் வேலை செய்யாது.

750 ரி.ஐ. யும் 900, 1000 வரிசைகளும் சேர்ந்த காட்டுகளுக்கு என்விடியா நிறுவனம் வழக்கமான புதுப்பிப்புகளை 2025 ஒக்ரோபருடன் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களை 2028 ஒக்ரோபர் வரை தருவதாக அறிவித்தது. நிறுத்தியதால் காட் செத்துவிடாது. பாடவேலைக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

செம்மண் புழுதி உள்ள ஊர்களில் காட்டின் விசிறி அடைத்துப்போயிருக்கும். பிளக்கைக் கழற்றி, வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் படக்கூடாது. மிகவும் சூடானால் உள்ளே சிப்பின் மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். தெரிந்தவரைக் கொண்டு மாற்றுவியுங்கள்.

பாவித்த காட்டை வெளியில் வாங்குவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். எதீரியம் என்னும் மின்பணத்தை உண்டாக்க இரவு பகலாக ஓடிய காட்டுகள், 2022 செப்ரெம்பரில் அந்த முறை கைவிடப்பட்டதும் உலகெங்கும் பாவித்த பொருட் சந்தைக்கு வந்தன. மேலே பளபளப்பாக இருக்கும். அரை மணி நேரமாவது கடும் வேலை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். படம் உடைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காட் வேலை செய்யாவிட்டால் செம்புக்காக வளவில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. பழையவற்றில் ஈயமும் உண்டு. கிணற்றடியிலும் புதைக்கவேண்டாம். ஒரு பையில் கட்டி வைத்து, மின்கழிவு சேர்ப்பவர்கள் வரும்போது கொடுத்துவிடுங்கள்.