வீட்டில் கார் பழுதுபார்க்கும் கருவிகள்: அபாயமும் உரிமையும்

ஆயில், பிரேக் பேட், டயர் மாற்றுதல் போன்ற வழக்கமான பராமரிப்புப் பணிகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் கார் உரிமையாளர், ஒர்க்‌ஷாப் கூலியை மிச்சப்படுத்தும்போதே மெக்கானிக் ஏற்றுவந்த ஆபத்தையும் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே, ஒரு கருவி எவ்வளவு சுமையைத் தாங்கும், தாங்கத் தவறினால் எவரிடம் பரிகாரம் கோரலாம் என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே அதன் விலையைப் பார்க்க வேண்டும்.

தூக்குவதும் தாங்குவதும்

காருடன் வரும் ஜாக்கி, வழியில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே உரியது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஜாக்கி அதிக எடையைத் தூக்கும் என்றாலும், உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் தேய்ந்தால், தூக்கிய காரோடு சட்டென இறங்கிவிடக்கூடும். எனவே ஜாக்கி தூக்குவதற்கே. தூக்கிய காரைத் தாங்கி நிறுத்த, உயரத்தை மாற்றிப் பூட்டக்கூடிய எஃகுத் தாங்கியான ஆக்சில் ஸ்டாண்ட் தேவை. கெட்டியான சமதளத்தில் காரை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டைப் பொருத்திய பின்பே எவரும் அடியில் நுழையலாம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. அவை பாரத்தில் திடீரென நொறுங்கும்.

பிடிப்பும் முறுக்கமும்

இரு முனையும் திறந்த ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றுவதால், துருப்பிடித்த நட்டில் அது வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். சுற்றிலும் பற்றும் ரிங் ஸ்பேனரும் ஆறு முனை சாக்கெட்டும் அத்தகைய இடங்களுக்கு ஏற்றவை. பளபளக்கும் குரோம் பூச்சுடைய சாதாரண சாக்கெட்டை, நட்டை அடித்துச் சுழற்றும் மின் அல்லது காற்றுக் கருவியான இம்பாக்ட் கன்னில் மாட்டினால் அது வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், அதற்கென்றே செய்யப்பட்ட இம்பாக்ட் சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சக்கர நட்டுகளை இறுக்க டார்க் ரெஞ்ச் அவசியம். டார்க் என்பது முறுக்கு விசை: 25 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால், நட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கம் ஏறும். இது குறைந்தால் ஓட்டத்தில் நட்டு தளரும். மிகுந்தால் மரை சிதையும். சரியான அளவு ஒவ்வொரு காரின் கையேட்டிலும் உள்ளது.

பொறிப்பும் பில்லும்

ஜாக்கியிலும் ஸ்டாண்டிலும் பொறிக்கப்பட்ட சுமை அளவு, பாதுகாப்பு எல்லையாக இருப்பதோடு சட்ட எல்லையாகவும் அமைகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடுள்ள பொருளால் விளைந்த காயத்துக்கும் இழப்புக்கும் உற்பத்தியாளரிடமும், சில சூழ்நிலைகளில் விற்பனையாளரிடமும் இழப்பீடு கோர வழி செய்கிறது. ஆனால் 2 டன் ஜாக்கியில் 3 டன் ஏற்றுவது போலத் தவறாகப் பயன்படுத்தியவர் விற்பனையாளர்மேல் வைக்கும் கோரிக்கை நிற்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் மேலுள்ள தர எண்ணையும் கீழுள்ள சி.எம்./எல். உரிம எண்ணையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். பெட்டியின்மேல் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் தொடர்பு விவரமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

கருவி உடைந்தால்

உடைந்த கருவியைத் தூக்கி எறியாமல், படம் எடுத்து, பில்லோடும் பெட்டியோடும் பாதுகாக்க வேண்டும். இணையத்தில் வாங்கியதாயின், அத்தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. அடுத்த படியாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிடில், பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கறிஞர் இன்றியும் புகார் அளிக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் கிடையாது.

ஆகவே, கையிருப்புப் பணம் குறைவாக இருப்பவர் ஐம்பது உருப்படிகள் கொண்ட மலிவான டூல் செட்டைத் தள்ளிவைத்து, முதலில் தரமான இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளையும் ஒரு டார்க் ரெஞ்சையும் வாங்க வேண்டும். பொறிப்பும் பில்லும் இல்லாத கருவியை எவ்விலைக்கும் வாங்கக் கூடாது.